தண்ணீர் எலிகள்

பாளையங்கோட்டையில் ஒரு மருந்தியல் ஆய்வுக்கூடம். அங்கே குரு பேராசிரியர் ஜெபக்கனி, வயது முப்பத்தெட்டு. சீடர் சித்த வைத்தியர் இசக்கிமுத்து. அவருக்கு ஐம்பத்தாறு.

வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியரிடம் ஒரு பச்சிலை இருந்தது. ஊரே அதற்காக அவரைத் தேடி வரும். டாக்டராக இருக்கும் மருமகன் மட்டும் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால், "இலையைத் தின்னா புண் ஆறிருமாக்கும்?" என்று சிரித்துவிட்டார். அது பொறுக்காமல்தான் வைத்தியர் இந்த வயதில் ஆராய்ச்சிக்கு வந்தார்.

எலியைப் பட்டினி போட்டு, குளிரில் இறுக்கி அடைத்துவைத்தால் அதற்கு வயிற்றில் புண் வரும். பாதி எலிகளுக்கு முன்கூட்டியே சில நாள் இலைச்சாறு கொடுக்க வேண்டும். மீதிக்கு வெறும் தண்ணீர். பிறகு இரைப்பையைத் திறந்து பார்க்க வேண்டும்.

முதல் சோதனையில் தண்ணீர் எலிகளுக்கெல்லாம் புண். இலை எலிகளுக்குப் பேருக்குக்கூட இல்லை. வைத்தியர் அல்வா வாங்கி வந்துவிட்டார்.

"மேடம், மருமவனுக்குப் போனைப் போடட்டுமா?"

"அல்வாவை வைங்க அண்ணாச்சி. அடுத்த எலிகளுக்கு நீங்க மருந்து கொடுக்கதை நான் ஒருதடவை பாத்துக்கிடுதேன்."

மறுநாள் ஜெபக்கனி ஓரமாக நின்று பார்த்தார்.

வைத்தியர் ஒரு இலை எலியை எடுத்து முதுகைத் தடவினார். "பயப்படாத செல்லம்மா. கசக்கத்தான் செய்யும். கண்ண மூடிக்கிட்டு குடிச்சிரு" என்றார். குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டார்.

தண்ணீர் எலிகளின் முறை வந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கினார், வாயில் ஊற்றினார், கூண்டில் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது.

"அண்ணாச்சி, தண்ணி எலியையும் செல்லம்மான்னு கூப்பிடுங்க."

"அதுக்கு எதுக்கு மேடம்? வெறும் தண்ணிதானே."

"கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தொடங்கினார். ஆனால் மனிதருக்கு அரைகுறையாகக் கொஞ்சத் தெரியாது. அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் எலிகளும் அவர் மடியில் படுத்து எழுந்தன.

பட்டினியும் குளிரும் முடிந்து இரைப்பைகளைத் திறக்கும் நாள் வந்தது. வைத்தியர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் குனிந்து பார்த்தார். இலை எலிகளின் வயிறு சுத்தமாக இருந்தது. தண்ணீர் எலிகளின் வயிறும் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அப்போ நம்ம இலை பொய்யா மேடம்?"

"இன்னும் தெரியாது அண்ணாச்சி. கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. மறுபடியும் பாக்கணும்."

"மருமவன் சிரிப்பாரே."

ஜெபக்கனி அன்றைக்கு எடுத்துவைத்த அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை அவர் கையில் வைத்தார்.

"மருமவன் ஒரு நோயாளிய எவ்வளவு நேரம் பாப்பாரு?"

"அவரா? உக்காருங்கன்னு சொல்லக்கூட நேரம் கிடையாது. சீட்டை எழுதி அனுப்பிருவாரு."

"நீங்க?"

"சாப்பிட்டானா, தூங்கினானா, வீட்டுல என்ன சண்டை, எல்லாம் கேட்டுட்டுத்தானே இலையவே எடுப்பேன்."

சொல்லிவிட்டு வைத்தியர் அல்வாவை வாய்க்குக் கொண்டுபோனார். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"இப்போ போனைப் போடுங்க அண்ணாச்சி" என்றார் ஜெபக்கனி. "இலையப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். தண்ணி எலியப் பத்திச் சொல்லுங்க."