நிறமில்லாத தவளை

கெட்டிக்காரி என்றால் இன்பவல்லியைத்தான் சொல்லவேண்டும். கோயம்புத்தூரில், குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வீடியோ கேம் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அந்த கேமில் கணக்கைச் சரியாகப் போட்டால் ஒரு பிராணியைப் பிடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். தவளை மட்டும் இன்னும் வெளியாகவில்லை.

முதலாளி சபாபதியோ, அதை அன்றே வெளியிடுவதாகச் சொல்லித் தலைமையாசிரியர்களை வரவழைத்து எதிரில் உட்காரவைத்துவிட்டார்.

“தவளை இன்னும் தயாராகலைங்க சார்,” என்றாள் இன்பவல்லி.

“நானே விளையாடி அதைப் பிடிச்சாச்சு! தயார்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே!”

அவள் பேனாவை எடுத்தாள். “போடறேனுங்க சார். படிவத்துல நிறம்னு ஒரு கட்டம் இருக்கு. நீங்க பிடிச்ச தவளை என்ன நிறமுங்க?”

“இதென்ன கேள்வி? நல்ல கிளிப்பச்சை!”

அதை அப்படியே எழுதிக்கொண்டு, கேம் ஓடிய டேப்லெட்டைத் தலைமையாசிரியர்கள் பக்கம் திருப்பினாள். திரையில் வெறும் கோட்டுப் படமாக, வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது தவளை.

“இதுக்கு இன்னும் கலரே அடிக்கலைங்க சார்.”

சபாபதி படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வெளியீடு தள்ளிப்போனது.

பிறகு ஓவியர் வந்து என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டபோது, மஞ்சள் என்றாள் இன்பவல்லி.

“தவளைக்கு எதுக்கு மஞ்சள்?”

“பிடிக்காமலே பிடிச்சேன்னு சொல்றவங்க பச்சைன்னுதான் சொல்லுவாங்க. உடனே தெரிஞ்சுடுமில்ல?”