வெட்டிவேர் மணந்த கதை

அந்தக் காலத்தில், காற்றும் புல்லும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், ஆற்றங்கரைக் குடிசையில் பூவாயி என்றொருத்தி இருந்தாள். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற சமயம் பார்த்து அவளுக்குப் பெண் பிறந்தது. பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தது.

பூவாயி சும்மா இருப்பாளா? கூரைமேல் இன்னொரு அடுக்குப் பனையோலை போட்டாள். தரையைச் சாணத்தால் குளிர மெழுகினாள். கை ஓயும்வரை விசிறினாள். ம்ஹூம்! விசிறியிலும் அனல்தான் வந்தது.

கடைசியில் வாசலில் நின்று மேல்காற்றைக் கூப்பிட்டாள். அவள் பிறந்த ஊர்ப்பக்கமிருந்து வருகிற காற்று அது. அதனால் அண்ணன் முறை.

“அண்ணா, உங்க மருமவ சுருண்டு கெடக்கறா. ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போங்க!”

தங்கை கூப்பிட்டால் நிற்குமா? விழுந்தடித்து ஓடிவந்தது. ஆனால் வழியெல்லாம் கொதிக்கிற பாறைமேல் நடந்த கால்! உள்ளே நுழைந்ததும் குழந்தை வீரிட்டது. பூவாயிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“நில்லுங்கண்ணா! கால் கழுவாம ஊட்டுக்குள்ள வரலாமுங்களா?”

காற்று வெட்கப்பட்டு வெளியேறியது. அவள் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். காற்றுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரிந்தால்தானே! தண்ணீர் எங்கெங்கோ தெறித்தது.

“நா என்ன பண்ணட்டும் அம்மிணி, நின்னா நா காத்தே இல்லியே!” என்று அது அழுதது.

கரையிலிருந்த வெட்டிவேர்ப் புல்லுக்கு மனசு கேட்கவில்லை.

“அம்மிணி, என் வேரைப் புடுங்கி வாசல்ல கட்டு. ஈரத்த அது உடாமப் புடிச்சுக்கும். உங்கண்ணன் நடந்துக்கிட்டே காலை நனைச்சுக்கட்டும்!”

“வேரை எடுத்தா நீ பட்டுப்போயிருவியே?”

“யோசிக்க இதுவா நேரம்? புடுங்கு!”

பூவாயி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். வேரை அறுத்துத் தட்டியாகப் பின்னி, வாசலில் கட்டித் தண்ணீர் தெளித்தாள். காற்று அதில் புகுந்து வந்தது. அடேயப்பா, என்ன குளிர்ச்சி! குழந்தை கண்ணைத் திறந்து, சப்புக்கொட்டிப் பால் குடித்தது. பூவாயி சிரிப்பும் அழுகையுமாகக் குதித்தாள்.

குதித்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. கரைக்கு ஓடினாள். வேரில்லாத தூர் வாடிக் கிடந்தது. அதன் நீண்ட புல்லிலையை நறுக்கிவிட்டு, ஈரமண்ணில் தூரைத் திரும்ப நட்டாள். “எம்புள்ள பொழச்சா, நீயும் பொழச்சுக்கோ சாமி!” என்று தினமும் தண்ணீர் ஊற்றினாள். ஒருநாள் காலையில் பச்சையாய் ஒரு குருத்து எட்டிப்பார்த்தது!

வீட்டுக்கு ஓடிவந்து, தட்டிமேல் தண்ணீரை வாரி இறைத்தபடி கத்தினாள்: “உன் தூரு துளுத்துருச்சு!”

அதுவரை வெறும் வேராய்த் தொங்கிய தட்டி, சந்தோஷம் தாங்காமல் குப்பென்று மணந்தது. ஊரே வந்து மோப்பம் பிடித்தது.

அன்று முதல்தான் வெட்டிவேர் எடுப்பவர்கள் தூரைத் திரும்ப நட்டுவிட்டுக் கரையேறுகிறார்கள். காய்ந்து கிடக்கும் வேரும் தண்ணீர் பட்டதுமே, அந்த நல்ல சேதியை மறுபடி கேட்டதுபோல் மணக்கிறது.