தெபோராளின் ஆட்சேபணை

"ஒரே ஒருத்தர் எழுந்து நின்னா போதுமாம். சுபேதாருக்கு அங்கி கிடையாதாம்."

"யாருடி நிப்பா?"

"தெரியாத மாதிரி கேக்கறா பாரு. தெபோராள் நிப்பா."

கோயில் குழாயடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்த மாசிலாமணிக்குக் கேட்டுவிட்டது. முகத்தைத் துடைக்காமலே நின்றார்.

அவர்தான் அந்தச் சுபேதார். பட்டாளத்திலிருந்து திரும்பி, வேதம் படித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை போதகர் பட்டம் பெறவிருந்தார்.

பிரஸ்பிட்டேரியன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டம் கொடுக்கும் முன் சபையைப் பார்த்துக் கேட்பார்கள். "இவருடைய வாழ்க்கையிலோ போதனையிலோ யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

யாராவது எழுந்து சொன்னால் விசாரிக்க வேண்டும். அதுவரை பட்டம் இல்லை.

மாசிலாமணிக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர் அந்தச் சபையின் போதகர் தயாநிதி ஐயர். மாணவரைவிட வயதில் மிகவும் இளையவர். மாசிலாமணி போனபோது தன் வீட்டு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தக் கேள்வியை இந்த ஒரு தடவை கேக்காம விடலாமா?"

"விடக் கூடாது, சுபேதார்."

"ஆட்சேபணை இருக்கு."

"யாருக்கு?"

"தெபோராள் அம்மாவுக்கு."

ஐயர் காற்றடிப்பதை நிறுத்தவில்லை.

"அவங்க பையன் சீமோன் என் பிளட்டூன்ல இருந்தான். முன்காவலுக்கு நான்தான் அனுப்பினேன். திரும்பி வரல. அவன் பெட்டியையும் நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"குடுத்துட்டு என்ன சொன்னீங்க?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வீரனோட தாய் அழக் கூடாதுன்னேன்."

"அழுதாங்களா?"

"இல்ல. அஞ்சு வருஷமாச்சு, ஒரு சொட்டு இல்ல. ஊரே பெருமையாப் பேசுது."

ஐயர் பம்பைக் கீழே வைத்தார்.

"பட்டாளத்துல பாரா நிக்கறவனை யாரு போகச் சொல்லணும்?"

"நிறுத்தினவர்தான் சொல்லணும். வேற யார் வந்து சொன்னாலும் நகரக் கூடாது."

"நிறுத்தினவரு மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டா?"

"நிக்க வேண்டியதுதான்."

"எவ்வளவு நேரம்?"

மாசிலாமணி ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஐயர் சைக்கிளை அவர் பக்கம் தள்ளினார்.

"அந்தம்மா வீடு ஏரிக்கு அந்தப் பக்கம். நடந்தா வெயில்."

தெபோராள் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சுபேதார். ஞாயித்துக்கிழமைதான் உங்களைப் பாக்கலாம்னு இருந்தேன்."

மாசிலாமணி உட்காரவில்லை.

"அம்மா, அன்னைக்கு உங்களுக்கு ஒரு உத்தரவு போட்டேன். அழக் கூடாதுன்னு."

"ஆமா, போட்டீங்க."

"அதைப் போட எனக்கு அதிகாரம் இல்ல. அந்த உத்தரவு ரத்து."

ஒரு கொட்டை தெறித்து அவர் காலடியில் விழுந்தது. தெபோராள் அடுத்த புளியை எடுத்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமை எழுந்து நிக்காதீங்கன்னு கேக்க வரல?"

"இல்லம்மா. நிக்கணும்னு தோணினா நில்லுங்க."

"சரி. போங்க."

போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து போதகர்கள் வந்திருந்தார்கள். மாசிலாமணி முன்வரிசையில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

தயாநிதி ஐயர் கேள்வியைக் கேட்டார்.

தெபோராள் எழுந்து நின்றார்.

"நான் சொல்லல?" என்று பின்வரிசையில் குழாயடிக் குரல் கிசுகிசுத்தது.

"ஆட்சேபணை இருக்குங்க."

"வாழ்க்கையிலா, போதனையிலா அம்மா?"

"போதனையில."

வந்திருந்த போதகர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெத்தவ அழக் கூடாதுன்னு எனக்குப் போதிச்சாரு. இது எந்த வேதத்துல இருக்கு?"

"எந்த வேதத்திலும் இல்லை," என்றார் ஐயர்.

"அவருக்கும் அது தெரிஞ்சிபோச்சு. வீடு தேடி வந்து திருத்திட்டுப் போனாரு."

"அப்படியானால் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுகிறீர்களா?"

"அதெப்படி? மாட்டேன். அது இருக்கட்டும். இனிமே இந்தச் சபையில எந்தச் சாவு வீட்டுலயும் அவரு அப்படிச் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் எழுந்தேன்."

"விசாரணையை இங்கேயே முடித்துக்கொள்வோம்," என்ற ஐயர் மாசிலாமணியைப் பார்த்தார்.

மாசிலாமணி எழுந்து திரும்பினார். "சொல்ல மாட்டேன் அம்மா."

தெபோராள் தலையசைத்தார். உட்காரப் போனவர் பாதியில் நின்றார்.

"சீமோனு..." என்றார், பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல.

பிறகு, "என் ராசா!" என்று அலறினார்.

ஆர்மோனியக்காரர் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். சபை மூப்பர் ஒருவர், "கோயில்ல இப்படியா..." என்று எழுந்தார். ஐயர் அவரைக் கண்ணாலேயே உட்கார வைத்தார். குழாயடியில் பேசியவள் ஓடிவந்து தெபோராளைக் கட்டிக்கொண்டு, அவரைவிடச் சத்தமாக அழுதாள். ஒருவரும் தடுக்கவில்லை. ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் தெபோராள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"ஏன் எல்லாரும் சும்மா இருக்கீங்க? நடத்துங்க."

யார் தொடங்கியது என்று தெரியவில்லை. பாட்டு எண்ணைச் சொல்லும் முன்பே சபை எழுந்து வேதத்திலுள்ள சங்கீதம் ஒன்றைப் பாடத் தொடங்கியிருந்தது. ஆர்மோனியம் தாமதமாகப் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. வெளியே சாலையில் போன மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

மாசிலாமணி முழந்தாளிட்டார். போதகர்கள் சுற்றி நின்று அவர் தலைமேல் கை வைத்தார்கள். போதகர்கள் மட்டுமே கை வைப்பது வழக்கம்.

தெபோராள் வரிசைகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தார். தயாநிதி ஐயர் தன் கையைக் கொஞ்சம் ஒதுக்கி இடம்விட்டார்.

தெபோராள் அந்த இடத்தில் தன் கையை வைத்தார்.