பார்த்துக்கலாம் என்ற நரி

செம்மண் மேட்டில் நரிக்கு இரண்டு வளைகள் இருந்தன. ஒன்றில் அது குடியிருந்தது. மற்றதில் அதன் பெருமை குடியிருந்தது.

மழைக்காலம் நெருங்கியது. ஓடைக்கரையில் நிறைமாதமாக இருந்த முள்ளம்பன்றியிடம் நரி உருகி உருகிப் பேசியது. பள்ளத்தில் தண்ணீர் ஏறினால் குட்டிகள் என்னாவது, மேட்டில் ஒரு வளை சும்மாதானே கிடக்கிறது என்றது.

"நம்பி வரலாமா அண்ணே?"

"வா தங்கச்சி, பார்த்துக்கலாம்."

முள்ளம்பன்றி தன் வளையை உடும்புக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. நரி தன் தாராள மனசை நினைத்துத் தானே கண் கலங்கியது.

போகிற வழியில் நரி கழுதைப்புலியைச் சந்தித்தது. இது பக்கத்தில் இருந்தால் தினமும் மிச்சக் கறி கிடைக்குமே! அதே வளைக்கு அதையும் அழைத்தது. கழுதைப்புலி தன் குகையைக் கரடிக்கு விட்டுக்கொடுத்தது.

முள்ளம்பன்றி மூச்சிரைக்க மேடேறி வந்தபோது, இடமில்லை என்றது நரி.

"திரும்பிப் போக எனக்கும் இடமில்லை அண்ணே. வலி வேறு எடுத்துவிட்டது."

வழக்கு குளத்து எருமையிடம் போனது. அந்தக் காட்டில் எருமைதான் நீதிபதி. யார் எவ்வளவு பேசினாலும் எழுந்து போகாத பிராணி அது ஒன்றுதான்.

நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "பார்த்துக்கலாம் என்றால் பார்க்கலாம் என்று அர்த்தம். பார்த்தேன், சரிப்படவில்லை. தவிர, என் வார்த்தைக்கு ஈடாக இது ஒரு கிழங்காவது கொடுத்ததா?"

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "அது வளையைக் காலி செய்தபோது நீ எங்கே இருந்தாய்?"

"அங்கேதான். பார்த்துக்கொண்டிருந்தேன்."

"வேண்டாம் என்றாயா?"

"மழை வருகிறது, சீக்கிரம் கிளம்பு என்றேன்." சொல்லி முடித்த பிறகுதான் நரிக்குத் தன் வாயின்மேல் சந்தேகம் வந்தது.

"விட்ட வளை அதற்குத் திரும்பக் கிடைக்காது. சொன்ன சொல் உனக்குத் திரும்பக் கிடைக்காது. வளை முள்ளம்பன்றிக்கு."

கழுதைப்புலி மெல்ல முன்னால் வந்தது. தன்னையும் நரி இப்படித்தான் அழைத்தது என்றும், தன் குகையில் இப்போது கரடி படுத்திருக்கிறது என்றும் சொன்னது.

எருமை நரியைப் பார்த்தது. "இன்னொரு வளை இருக்கிறதல்லவா?"

மழை கொட்டியது. ஒரு வளையில் முள்ளம்பன்றி குட்டிகளுக்குப் பால் கொடுத்தது. அடுத்ததில் கழுதைப்புலி குறட்டை விட்டது. வெளியே, ஒதுங்க ஒரு மரம் தேடி ஓடிக்கொண்டிருந்தார், இரண்டு வளைகளுக்குச் சொந்தக்காரர்.

நம் சொல்லை நம்பி ஒருவர் தன் இடத்தைக் காலி செய்துவிட்டால், அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும் உரிமை நமக்குக் கிடையாது.