பலவேசம் அண்ணாச்சி கிளாரினெட்டும் சலூன் எலியும்

உலகநாதன் சலூன்ல மூஞ்சி பூரா நுரையோட நான் உக்காந்திருக்கேன். அப்பத்தான் பலவேசம் அண்ணாச்சி உள்ள வந்தாரு. கக்கத்துல கிளாரினெட் பெட்டி. அரிசி மில்லு வேலைய விட்டு நின்னதுல இருந்து மனுசன் அதத்தான் ஊதிக்கிட்டுத் திரியுதாரு. இந்த வீட்டுல ஒண்ணு அந்தக் குழல் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு அவரு வீட்டம்மா நாலு நாள் முந்தி தீத்துச் சொல்லிட்டாங்களாம். அன்னையிலருந்து ஊத எடமில்லாம தவிச்சுப் போயிட்டாரு. செவ்வாக்கிழமை சலூனுக்கு லீவுதானே, அன்னைக்கு மட்டும் சாவியக் குடுன்னு கேக்க வந்திருக்காரு.

உலகநாதன் கத்திய என் தாடையில வச்சுக்கிட்டே முடியாதுன்னுட்டான். ஏற்கனவே கடைக்குள்ள எலித் தொல்லை, சேர் மெத்தையெல்லாம் கடிச்சுக் குதறி வச்சிருக்கு, இதுல நீரு வேறயான்னான்.

அவ்வளவுதான், அண்ணாச்சிக்கு மூஞ்சி பளிச்சுன்னு ஆயிட்டு. பெஞ்சுல சம்மணம் போட்டு உக்காந்தாரு.

"எலின்னா நீ என்னையல்லாடே தேடி வந்திருக்கணும். இந்த ஜில்லாவுலயே என்னைய மாதிரி மோசமா ஊதுததுக்கு ஆள் கெடையாது, தெரியுமா?"

எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. கத்தி படும், ஆடாதீரும்னு உலகநாதன் என் மண்டையப் பிடிச்சான்.

அண்ணாச்சி ஆரம்பிச்சிட்டாரு. அவருக்கு ஒரு வாத்தியார் சொல்லிக் குடுத்தாராம். மூணு மாசத்துல இவருக்கு ஒண்ணும் வரல, வாத்தியாருக்குத் தெரிஞ்ச சரிகமவும் மறந்து போச்சாம். மனுசன் இப்ப சந்தையில கருப்பட்டி விக்காராம். அது கெடக்கட்டும், தெருவுல இருந்த கொசுவெல்லாம் ஒரே ராத்திரியில காலி பண்ணிட்டுப் போயிட்டாம். கொசுவத்தி விக்கிறவன் வீட்டு வாசல்ல வந்து, எம் பொழப்பக் கெடுத்துட்டீரேன்னு அழுதானாம்.

"கொசு போனதுக்குக் கொசுவே சாட்சி சொல்லணும்போல"ன்னு முனங்கினான் உலகநாதன்.

"கொசுவ விடுடே. எங்க வீட்டுக்குப் பின்னால புளியமரத்துல ஒரு முனி இருந்துச்சுல்லா? ஒருநா மோகனம் ஊதுதேன். மடமடன்னு எறங்கி வந்து, 'பலவேசம், எனக்கு வேற மரம் பாத்துக் குடு'ன்னு கையெடுத்துக் கும்பிடுது."

அதோட விட்டாரா? தாமிரபரணிப் படித்துறையில உக்காந்து ஊதினாராம். கெழக்க பாத்து ஓடுன தண்ணி அப்படியே நின்னு, ரெண்டு முழம் மேக்க போயிட்டாம். அப்புறம் இவரு மூச்சு வாங்குத நேரமாப் பாத்து, சத்தங்காட்டாம கடந்து போச்சாம். துணி தொவைக்க வந்த ஆளுவ எல்லாம் பாத்தாவளாம்.

எனக்குப் பொறுக்கல. இம்புட்டு மோசமா வருதுன்னு தெரிஞ்சும் எதுக்கு அண்ணாச்சி ஊதணும்னு கேட்டுட்டேன்.

அவரு என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாரு. புளுகுத சிரிப்பு அப்ப அவரு மூஞ்சில இல்ல.

"சந்தோசமா இருக்கு, அதான். நல்லா ஊதுதவனுக்குத் தப்பிருமோன்னு பயம் இருக்கும். எனக்கு அந்தக் கவலையே கெடையாது. இந்த நாலு நாளும் சோறே எறங்கல."

உலகநாதன் கத்தியக் கீழ வச்சான். சரி, இப்பம் ஒரு பாட்டு ஊதும், எலி ஓடுச்சுன்னா சாவி உமக்குன்னுட்டான்.

அண்ணாச்சி குழல எடுத்து மாட்டி, கண்ண மூடி, கன்னம் உப்ப ஊதினாரு. அங்கங்க பிசிறு தட்டுச்சு, ஒரு எடத்துல தாளம் போச்சு, மத்தபடி கேக்கும்படியாத்தான் இருந்துச்சு. கண்ணாடிக்குப் பின்னால இருந்து ஒரு எலி மெதுவா வந்துச்சு. பவுடர் டப்பா பக்கத்துல பின்னங்காலக் குத்தவச்சு உக்காந்து, பாட்டு முடியுத மட்டும் கேட்டுச்சு.

"மோசமாவாவது ஊதுவீருன்னு நம்பினேன் அண்ணாச்சி. சுமாராத்தான ஊதுதீரு"ன்னான் உலகநாதன்.

அண்ணாச்சி அப்படியே சுருங்கிப் போயிட்டாரு. எலியப் பாத்தாரு, குழலப் பாத்தாரு. எனக்கே பாவமா இருந்துச்சு. ஆனா மனுசன் விட்டாராங்கீரு?

"நாலு நாளா ஊதாம இருந்தேன்லா, அதான் கொஞ்சம் நல்லா வந்துட்டு. சாவியக் குடு. ரெண்டு செவ்வா விடாம சாதகம் பண்ணினாப் பழையபடி மோசமாயிரும்."

உலகநாதன் தலையில அடிச்சுக்கிட்டே சாவிய எடுத்துக் குடுத்துட்டான். எலிதான் இன்னும் எந்திரிக்கல.