சத்தமே போடாத கார்டு

தன் ஸ்டுடியோ போர்டில் 'கலைச்சுடர்' என்று தனக்குத் தானே பட்டம் எழுதிக்கொண்ட மகான் அம்பலவாணன், திண்டுக்கல்லில் இருந்தார். கல்யாண வீடியோ எடிட் செய்ய ஃபேனே இல்லாத கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி, "சத்தமே வராது, பார்த்தீங்களா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சத்தம் போட்டுச் சொன்னார்.

கார்டு சத்தம் போடவில்லைதான். தோசைக்கல்லும்தான் போடுவதில்லை. பத்தே நிமிஷத்தில் சூடேறிப் படம் நின்றுவிடும்.

"கார்டோட சூட்டை இழுக்குற ஹீட்சிங்க் மேல ஒரு சின்ன ஃபேன் கட்டிடலாம் சார்," என்றாள் எடிட்டர் பூங்கோதை.

"வேணும்னா கம்பெனிக்காரனே வெச்சிருக்க மாட்டானா? அவன் முட்டாள், நீ அறிவாளியா? ஃபேன் வைக்காம சாயங்கால ரிசப்ஷனுக்குப் படம் ரெடியாகணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"சரிங்க சார். கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றி, பெட்டியை உங்க மேஜையிலேயே வைக்கிறேன்."

நாலு மணிக்குக் கல்யாணப் பெண்ணின் அப்பா வந்தார். திரையில் மாப்பிள்ளை தாலியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"கட்டினாரா இல்லையா?" என்று பதறினார் அப்பா.

பூங்கோதை ஓர் ஆல்பம் அட்டையைப் பணிவாக நீட்டினாள். "கார்டுக்கு விசிறுங்க சார்."

கலைச்சுடர் விசிறினார். தாலி மெல்ல நகர்ந்தது. கை வலித்து நிறுத்தினார். தாலியும் நின்றது.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்றார் கலைச்சுடர்.

"ரெண்டு மணி நேரம் சார்."

"இவருக்குப் பதிலா ஒரு ஃபேனை மாட்டக்கூடாதா?" என்றார் அப்பா.

"கம்பெனிக்காரன் முட்டாள் இல்லைன்னு சார் சொன்னாருங்க."

"முட்டாப்பயதான்! மாட்டித் தொலை!" என்று அலறினார் கலைச்சுடர்.

காலையிலேயே வாங்கி வைத்திருந்த ஃபேனை நாலு கேபிள் டை போட்டுக் கட்டினாள் பூங்கோதை. அன்று ரிசப்ஷன் திரையில் மாப்பிள்ளை மூணு முடிச்சையும் ஒரே மூச்சில் போட்டார்.