பதினேழாவது வண்டி

ராக்கப்பன் பன்னிரண்டு வருஷம் குதிரைப்படைத் தலைவராக இருந்தவர். மீசை நரைத்துவிட்டது. அவருக்கு ஆசானாக வாய்த்த மூக்கையாவோ ஆறு வயது இளையவர், கோட்டைக்குத் தானியம் கொண்டுபோகும் மாட்டுவண்டிகளுக்குத் தலைவர். ஆகவே சிஷ்யர் குருவை ஆசானே என்பார். குரு சிஷ்யரை அண்ணே என்பார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்த இரண்டு பேருக்கும் சிரிக்க நேரம் இருந்ததில்லை.

குதிரையைக் கொட்டடியில் விட்டுவிட்டு ராக்கப்பன் வண்டியேறியதற்குக் காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் நாற்பது வண்டிகளுக்குக் காவலாக அவர் கோட்டைக்குப் போகும் மலைக்கணவாய் வழியாகப் போனார். பின்னாலிருந்து யாரோ அலறினார்கள். "நிறுத்து" என்றார். நாற்பது வண்டியும் நின்றது. அலறியது எதிரியின் ஆள். நின்ற வண்டிகள்மேல் மலையிலிருந்து பாறைகள் உருண்டன. பதினேழாவது வண்டி, அதை ஓட்டிய செம்புலியோடு, பள்ளத்தில் போய் விழுந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாளே மூக்கையாவிடம் வந்து நின்றார்.

"அன்னைக்கு நான் என்ன செஞ்சிருக்கணும், ஆசானே?"

"முன்வண்டியில ஏறி உக்காருங்க அண்ணே. எண்ணிக்கை கூப்பிடுங்க."

மூன்று மாதமாக அவருக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

எண்ணிக்கை என்பது வண்டிக்காரர்களின் வழக்கம். முன்வண்டியில் இருப்பவர் "ஒண்ணு" என்று கூவுவார். அடுத்த வண்டி "ரெண்டு" என்னும். கடைசி வண்டிக்காரன் தன் எண்ணைச் சொல்லிவிட்டுக் கொம்பை ஊதுவான். கொம்புச் சத்தம் வந்தால் எல்லோரும் பின்னால் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வழியில் செத்தவனுடைய எண்ணை ஒரு வருஷத்துக்கு யாருக்கும் தரமாட்டார்கள். அவன் இடத்தில் ஒரு வண்டி நீளம் காலியாகவே வரும். எண்ணிக்கை அங்கே வரும்போது ஒரு மூச்சு நேரம் எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். அந்த ஒரு மூச்சுதான் ராக்கப்பனுக்கு நரகம்.

அன்று மறுபடி அதே கணவாயில் நுழையும்போது உச்சிப்பொழுது. ஆனாலும் வெயில் இல்லை. பனிமூட்டம் இறங்கி, நுகத்தடிக்கு முன்னால் மாட்டின் கொம்புகூடத் தெரியவில்லை. கோட்டையில் பதினோரு நாளாக உலை வைக்கவில்லை என்று செய்தி வந்திருந்தது. காத்திருக்க வழியில்லை.

"எண்ணிக்கை," என்றார் முன்வண்டியை ஓட்டிய மூக்கையா.

"ஒண்ணு," என்று ராக்கப்பன் கூவினார்.

ரெண்டு, மூணு, நாலு என்று பனிக்குள் ஒவ்வொரு குரலாகப் பின்னால் போனது. பதினஞ்சு. பதினாறு.

ராக்கப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"பதினேழு," என்றது ஒரு குரல்.

நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல். தினமும் சொல்கிறவன் சொல்வதைப் போலச் சொன்னது. அதற்குப் பிறகு வெகுநேரம் மாட்டுமணிகள் மட்டும் கேட்டன. பிறகு "பதினெட்டு" வந்தது. அது செம்புலியின் மைத்துனன் காத்தமுத்து. அவன் குரல் நடுங்கியது. அதன்பின் எண்கள் வேகவேகமாக ஓடிக் கொம்புச் சத்தத்தில் முடிந்தன.

"கேட்டீங்களா ஆசானே?"

"கேட்டேன்."

"யாரு அது?"

"தெரியலை."

"வரிசைக்குள்ள எதிரி புகுந்திருக்கான்" என்று சொல்ல வாயெடுத்த ராக்கப்பன், பாதியில் நிறுத்தினார். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தூக்கத்தில் கேட்கும் குரல் அது.

வழி குறுகியது. இடப்பக்கம் பாறைச்சுவர், வலப்பக்கம் பள்ளம். அப்போது இன்னொரு சத்தம் வந்தது.

"நிறுத்துங்கப்பா. அச்சு முறிஞ்சு போச்சு."

மாடுகள் நடந்துகொண்டே இருந்தன.

"ராக்கப்பத் தலைவரே, செம்புலி கூப்பிடுறேன். என்னை இங்கேயே விட்டுட்டுப் போகாதீங்க."

ராக்கப்பனின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. போர்க்களத்தில் கையில் வெட்டு விழுந்தபோதும் அழாத மனுஷன் அவர். 'நிறுத்து' என்ற ஒரு சொல் நாக்கின் நுனியில் இருந்தது. முன்வண்டியிலிருந்து எது கிளம்பினாலும் பின்னால் இருக்கிற வண்டிகள் கேள்வி கேட்காமல் செய்யும்.

"அவன் பொழச்சுக் கிடந்திருந்தா?" என்றார்.

"மூணு மாசமாவா அண்ணே?"

"அவன் பொழைக்கலைன்னா? ஆவி வந்து கூப்பிடுதுன்னா? அப்பவும் போயிட்டே இருக்கச் சொல்றீங்களா?"

மூக்கையா மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தலையை உயர்த்திக் காதைத் தீட்டிக் கேட்டார்.

"சத்தம் எங்கேயிருந்து வருது?"

ராக்கப்பனும் கேட்டார். "மேலேயிருந்து."

"செம்புலி போனது எந்தப் பக்கம்?"

"கீழே."

"அவன் எத்தனை வருஷம் வண்டி ஓட்டினான், தெரியுமா?"

"பதினஞ்சு வருஷம்னு சொல்லுவாங்க."

"பதினஞ்சு வருஷம் ஓட்டினவன், இந்தக் கணவாய்க்குள்ள, நிறுத்துன்னு சொல்லுவானா?"

ராக்கப்பன் அண்ணாந்து பார்த்தார். மேலேயிருந்து குரல் மறுபடி அவர் பெயரைச் சொல்லி அழுதது. அழுகை அவ்வளவு நிஜமாக இருந்தது.

"பின்னே எண்ணிக்கையில வந்த குரல்? அது மேலேயிருந்து வரலையே ஆசானே."

"ஆமா. அது வரிசையிலேருந்துதான் வந்துச்சு."

"அது யாரு?"

"தெரியலைன்னு அப்பவே சொன்னேன்." மூக்கையா தலைக்கயிற்றை அவர் கையில் கொடுத்தார். "நிறுத்துறதா இருந்தா நீங்கதான் நிறுத்தணும். நான் உங்க வாயைப் பொத்தமாட்டேன். இல்லைன்னா எண்ணிக்கை கூப்பிடுங்க."

கயிறு அவர் கையில் ஈரமாக இருந்தது. பின்னால் முப்பத்தெட்டு வண்டிக்காரர்கள் அவர் வாயையே நம்பி வந்துகொண்டிருந்தார்கள். ராக்கப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணு," என்றார். குரல் உடைந்துதான் வந்தது.

ரெண்டு. மூணு. மேலேயிருந்த அழுகை இப்போது வசையாக மாறியது. எட்டு. ஒன்பது. வண்டிகள் நிற்கவில்லை. பதினஞ்சு. பதினாறு.

"பதினேழு," என்றது அந்த நிதானமான குரல். முன்னைவிடத் தெளிவாக.

"பதினெட்டு," என்றான் காத்தமுத்து. இந்தமுறை அவன் தாமதிக்கவில்லை. குரலும் நடுங்கவில்லை.

முப்பத்தொன்பது. நாற்பது. கொம்புச் சத்தம் வந்து வெகுநேரம் ஆகவில்லை. கடைசி வண்டி கணவாயின் வளைவைத் தாண்டியதும் மலைமேலிருந்து பாறைகள் விழுந்தன. காலி வழியில் விழுந்து பள்ளத்துக்குள் உருண்டுபோயின. மாடுகள் மிரண்டு ஓட்டமெடுத்தன, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கோட்டைவரை வண்டிகள் எங்கும் நிற்கவில்லை.

கோட்டைவாசலிலும் பனி இருந்தது. வாசல்காவலர் ஒரு சட்டியை வைத்துக்கொண்டு, உள்ளே வருகிற வண்டிக்கு ஒரு கூழாங்கல் வீதம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி வண்டி நுழைந்ததும் கதவைச் சாத்தினார்கள். உள்ளே பனி இல்லை. ஜனங்கள் மூட்டைகளைத் தொட்டுப் பார்த்து அழுதார்கள்.

காத்தமுத்து மாட்டை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தான். ராக்கப்பன் அவனிடம் போனார்.

"உனக்கு முன்னால என்ன இருந்துச்சு?"

"பனிதான் இருந்துச்சு."

"பயந்தியா?"

"முதல்ல பயந்தேன்." அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்புறம் மாடு ரெண்டும் தானா நடந்துச்சு. பழகின வண்டி பின்னாடி போற மாதிரி. நான் கயித்தைத் தொடவே இல்லை."

ராக்கப்பன் முற்றத்தில் நின்ற வண்டிகளை எண்ணினார். முப்பத்தொன்பது. பிறகு வாசலுக்கு நடந்தார். காவலர் சட்டியைக் கவிழ்த்து, கற்களைப் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நான்கு குவியல்.

"நாப்பதும் வந்து சேந்துருச்சுங்க," என்றார் காவலர்.

"முப்பத்தொன்பதுதான் வந்துச்சு."

"நான் ஒவ்வொண்ணாப் பாத்துல்ல போட்டேன்? நடுவுல ஒரு வண்டி மட்டும் மணிச்சத்தம் இல்லாம வந்துச்சு. ஓட்டினவர் முண்டாசால மூஞ்சிய மூடியிருந்தார். குளிருதான்னு கேட்டேன். தலையை ஆட்டிட்டு உள்ளே போயிட்டார்."

ராக்கப்பன் திரும்பி வந்தார். மூக்கையா முன்வண்டியின் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஆசானே, காவலர் நாப்பதுங்கிறார்."

மூக்கையா நிமிர்ந்தார். வாசலைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் முற்றத்திலும் ஒரு வண்டி நீளம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு முன்னால் இன்னொரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தார்.

"அப்போ நாம யாரையும் விட்டுட்டு வரலை, அண்ணே," என்றார்.